கொள்ளிடத்தில் போகிற தண்ணீரை எங்கே போட்டு வைப்பது?

கேள்வி: "மேட்டூர் நிரம்பி லட்சம் கன அடிக்கு மேல் திறந்து, அத்தனையும் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது. அடுத்த கோடையில் சென்னையில் மறுபடி குடத்தோடு நிற்போம். வீணாகிற இந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பத்து அணை கட்டினால் தீர்கிற விஷயம்தானே?"

3 ஆகஸ்ட் 2024, காலை

ஆடிப்பெருக்கு அன்றைக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. திருச்சியில் என் அக்கா வீட்டில் இந்த முறை ஆற்றில் இறங்கவில்லை. வெள்ளம் என்று கரையிலேயே நிறுத்திவிட்டார்களாம். வீட்டுக் குழாயடியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, சித்திரான்னம் படைத்து முடித்துவிட்டார்கள். போன வருஷம் இதே ஆகஸ்டில் தண்ணீர் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனோம்.

நான் 34 வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவள், அதனால் கணக்கில் ஆரம்பிக்கிறேன். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் ஒரு நாளைக்கு 8.64 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,830 கோடி லிட்டர். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3,645, எல்லாம் மில்லியன் கன அடியில். கூட்டினால் 11,757, அதாவது பன்னிரண்டு டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆற்றை அப்படியே இங்கே திருப்ப முடிந்தால் சென்னையின் ஐந்து ஏரியும் 33 மணி நேரத்தில் நிரம்பிவிடும். சென்னைக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிஎம்சி 28 நாளைக்கு வரும். இதைப் போட்டுப் பார்த்துவிட்டு வயிறு எரியாமல் இருக்க முடியாது, கேட்டவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பத்து அணையை எங்கே கட்டுவது? மேட்டூருக்குப் பள்ளத்தாக்கு இருந்தது, 1934இல் கட்டினார்கள், 93.47 டிஎம்சி பிடிக்கிறது. அதற்குக் கீழே ஆறு சமவெளிக்கு வந்துவிடுகிறது. முக்கொம்பு, அணைக்கரை மாதிரி கதவணை போடலாம், ஆற்றின் கரை உயரத்துக்குள் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான். சென்னைப் பக்கம் 1944இல் பூண்டியை முடித்த பிறகு புதிதாக வந்தது கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை. 2013இல் அடிக்கல், 2020இல் திறப்பு. ஏழு வருஷம், ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், கிடைத்தது அரை டிஎம்சி. என் கணக்கில் 14 நாள்.

அதற்காக அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019இல் அந்த 14 நாள் கிடைத்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

3 ஆகஸ்ட், இரவு

தங்கை மகள் அரிசோனாவிலிருந்து பேசினாள். ஆடிப்பெருக்குக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள், பேச்சு இங்கே வந்துவிட்டது. "பெரியம்மா, இங்க தண்ணிக்குன்னே பேங்க் இருக்கு, தெரியுமா? ஆத்துல வர்றதுல மிஞ்சினதை மண்ணுக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க" என்றாள். பேங்க் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. படித்துவிட்டு எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட்

சரி, இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பெரிய கதை, என் வார்த்தையில் சொல்கிறேன்.

கொலராடோ ஆறு அங்கே ஏழு மாநிலங்களுக்குப் பொது. கீழ்ப்படுகையில் கலிபோர்னியாவுக்கு வருஷத்துக்கு 44 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். ஒரு ஏக்கர் அடி 43,560 கன அடி, ஆகவே அரிசோனாவின் 28 லட்சம் நம் கணக்கில் 122 டிஎம்சி. ஒப்பிட்டுப் பார்க்க: 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய காவிரி 177.25 டிஎம்சி.

அரிசோனாவின் மக்கள் பெரும்பாலும் இருப்பது பீனிக்ஸ், டூசான் பக்கம், ஆறு ஓடுவது மேற்கு எல்லையில். சுமார் 540 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டி, மேட்டில் பம்பு வைத்து ஏற்றி, 1993இல் முடித்தார்கள். அந்தக் கால்வாய்க்கு 1968இல் அனுமதி வாங்கும்போது ஒரு விலை கொடுத்தார்கள்: பஞ்சம் வந்தால் கலிபோர்னியாவுக்குக் கொடுத்த பிறகுதான் இந்தக் கால்வாய்க்கு. கால்வாய் வந்த புதிதில் தங்கள் பங்கு முழுவதையும் பயன்படுத்த அவர்களுக்கு வழியில்லை. எடுக்காததைக் கலிபோர்னியா எடுத்துக்கொண்டிருந்தது. வருங்காலத்தில் பங்கு குறையும் என்று தெரிகிறது, இன்றைக்கோ மிஞ்சுகிறது, மிஞ்சுவது பக்கத்து வீட்டுக்குப் போகிறது. 1996இல் சட்டம் போட்டு ஒரு தண்ணீர் வங்கி ஆணையம் வைத்தார்கள். மிஞ்சுகிற பங்கைக் கால்வாயில் கொண்டுவந்து காய்ந்த ஆற்றுப் படுகையிலும் பாலைவனத்திலும் வெட்டிய ஆழமில்லாத குளங்களில் விட்டு, பூமிக்குள் இறக்கினார்கள்.

இருப்பு எவ்வளவு என்று பார்த்தேன். நெவாடாவுக்காகப் போட்டு வைத்ததையும் சேர்த்து 40 லட்சம் ஏக்கர் அடிக்கு மேல், அதாவது சுமார் 174 டிஎம்சி. நம்முடைய ஒரு வருஷக் காவிரிப் பங்குக்குக் கிட்டத்தட்டச் சமமான தண்ணீரை மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். வெயிலில் ஆவியாகாது, ஊரை முழுகடிக்காது, நிலம் எடுக்கக் குடும்பங்களைக் கிளப்ப வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் லெட்ஜர். யார் எவ்வளவு போட்டார், எந்தக் குளத்தில், எந்த வருஷம் என்று பதிவு. பொதுவாக நூறு போட்டால் கணக்கில் தொண்ணூற்றைந்துதான் வரவு வைப்பார்கள், ஐந்து நிலத்துக்கு. எடுக்கும்போது பற்று எழுத வேண்டும். இதற்கான பணத்தில் ஒரு பகுதி நிலத்தடி நீர் எடுப்பவர்களிடம் வாங்குகிற கட்டணம், இன்னொரு பகுதி சொத்து வரி.

6 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. எல்லாத் தண்ணீரையும் குளத்தில் விட்டு இறக்குகிறார்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இன்னொரு முறையும் உண்டு. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சுகிற விவசாயிக்குக் கால்வாய்த் தண்ணீரைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, "உன் மோட்டாரைப் போடாதே" என்று சொல்வது. அவர் இறைக்காமல் விட்ட தண்ணீரை வங்கி தன் வரவாக எழுதிக்கொள்ளும். முதலில் இது என்ன ஏமாற்று என்று தோன்றியது, அப்புறம் யோசித்தால் சரிதான். எடுக்காமல் வைத்ததும் சேமிப்புத்தானே. என் அம்மா அரிசி கழுவும் முன்னால் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவாள், மாசக் கடைசியில் அது ஒரு படி இருக்கும்.

9 ஆகஸ்ட்

பழவேற்காட்டுக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், கோபம் நியாயம். "கடலுக்குப் போறது வீண்னு ஊர்க்காரங்க சொல்றீங்க. ஆரணி ஆத்துல வெள்ளம் வராட்டி எங்க முகத்துவாரம் மண்ணு தூர்ந்து அடைச்சிக்கும், ஏரியில இறாலும் இருக்காது, படகும் போகாது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியில் இருந்த 'வீண்' என்ற சொல்லை முதல் நாள் நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன். கொள்ளிடத்துக்கும் இதுதான், வெள்ளம் வந்து அலசாத கழிமுகத்தில் உப்பு மேலே ஏறும்.

இன்னொன்றும் தோன்றியது. மேகேதாட்டுவில் 67 டிஎம்சிக்கு அணை கட்ட வேண்டும் என்று கர்நாடகம் சொல்வதற்கும் இதே வாதம்தான், கடலுக்குப் போவதைத்தானே பிடிக்கிறோம் என்று. அங்கே ஒப்புக்கொள்ள மறுக்கிற சொல்லை இங்கே நாமே எடுத்துப் போடக் கூடாது. இனிமேல் நான் உபரி என்றே எழுதுகிறேன், அதுவும் ஆற்றுக்கும் மீனுக்கும் போனது போக மிஞ்சுகிற உபரி.

18 ஆகஸ்ட்

நேற்று அத்திக்கடவு அவிநாசி திட்டம் திறந்தார்கள். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் போகிற உபரியிலிருந்து 1.5 டிஎம்சி எடுத்துக் குழாயில் ஏற்றி, 1,045 ஏரி குளம் குட்டைகளில் விடுகிறார்கள். அந்தப் பக்கத்து மக்கள் பல தலைமுறையாகக் கேட்டது. அவிநாசியில் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் பேசும்போது அழுதுவிட்டார், அவர் அப்பா இதற்காகப் பந்தலில் உட்கார்ந்தவர்.

இதைப் பார்த்த பிறகு பெரிய அணை பற்றிய என் மனக்கணக்கு மாறுகிறது. ஆயிரத்துச் சொச்சம் குட்டையில் 1.5 டிஎம்சியைப் பிரித்து விட்டால் ஒவ்வொன்றிலும் தேங்குவது கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றின் கீழேயும் ஊறும். அரிசோனாக்காரர்கள் பாலைவனத்தில் புதிதாக வெட்டுகிற குளத்தை நம் ஆட்கள் எப்போதோ வெட்டி வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 39,000 ஏரிக்கு மேல் கணக்கில் இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஏரிகள் சங்கிலி மாதிரி, ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. உத்தரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு, குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவர் அடுத்த முறை ஓலையில் பெயர் எழுதக் கூடாது என்பதும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. வங்கிக்காரிக்கு இதைப் படித்தால் சந்தோஷமாக இருக்காதா?

26 ஆகஸ்ட்

நேற்று ஞாயிறு. மருமகனைக் காரை எடுக்கச் சொல்லி செங்குன்றம் வழியாகத் தாமரைப்பாக்கம் போனோம், அப்புறம் பஞ்செட்டி, மீஞ்சூர். பல வருஷமாகப் பேப்பரில் படிக்கிற ஊர்கள், ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை.

ஏன் அங்கே போனேன் என்றால், சென்னைக்கு ஏற்கெனவே ஒரு தண்ணீர் வங்கி இருந்தது, அது அங்கேதான் இருந்தது. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல் படுகை, அதற்குள் நல்ல தண்ணீர். 1966 முதல் 1969 வரை ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணறு போட்டு நகரத்துக்கும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள். விவசாயிகளும் இறைத்தார்கள், எல்லாரும் இறைத்தார்கள். போட்டது கம்மி, எடுத்தது ஜாஸ்தி. கடலோரத்தில் நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வரும். மீஞ்சூர்ப் பக்கம் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் 1987இல் வந்தது, அதற்குள் நடந்தது நடந்துவிட்டது.

மீஞ்சூரைத் தாண்டி ஒரு பெரியவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் கேட்டதற்குக் கேன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கிணறு இருக்கிறதே ஐயா என்றேன். "கீதும்மா. சின்ன வயசுல அதுல குனிஞ்சி கையால மொண்டு குடிச்சிருக்கேன். இப்போ அந்தத் தண்ணியில கஞ்சி வெச்சா உப்பு போட வேணாம்." சிரிக்காமல் சொன்னார். எட்டிப் பார்த்தேன், தண்ணீர் நிறைய இருந்தது, தெளிவாகவும் இருந்தது. வாளியை இறக்கி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், துப்ப வேண்டியதாயிற்று. கிணற்றுச் சுவரில் தண்ணீர் தொடுகிற மட்டத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது.

தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஆறு காய்ந்து கிடந்தது. ஆகஸ்டில் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணல் இருக்கிற இடத்தில் கால் புதைகிறது, மணல் அள்ளிய குழிக்குள் இறங்கினால் அடியில் களிமண் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்க மணல்தான் வாசல். மணலை லாரியில் ஏற்றி விற்றுவிட்டால் தடுப்பணை கட்டி நிறுத்தினாலும் தண்ணீர் மேலேயே நின்று வெயிலில் காயும்.

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை.

27 ஆகஸ்ட்

ஒரு சந்தேகம் நேற்றிலிருந்து அரிக்கிறது. அரிசோனாவில் கால்வாயில் அளந்து, நிதானமாக, வருஷம் பூராவும் தண்ணீர் வருகிறது. குளத்தில் விட்டு, ஊறவிட்டு, காயவிட்டு, மேலே படிந்த வண்டல் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி விடுகிறார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை வந்தால் நாலு நாளில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தார்கள், அந்த வேகத்தை எந்த மண் குடிக்கும்? மண் மெல்லத்தான் குடிக்கும். அதனால் மண்ணா ஏரியா என்று நான் பிரித்து யோசித்தது தப்பு. வெள்ளத்தை ஏரி பிடிக்க வேண்டும், பிடித்ததை ஜனவரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆற்று மணலில் விட்டு இறக்க வேண்டும், மே மாத வெயில் குடிப்பதற்குள். ஏரி சேமிப்புக் கணக்கு, மண் வைப்புநிதி என்று வைத்துக்கொள்ளலாம்.

2 செப்டம்பர்

"வைப்புநிதியை முதிர்வுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் மனதில் இருப்பதே அதுதான். என் வீட்டுக் கிணற்றை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கொளத்தூரில். 1988இல் கட்டும்போது போட்ட உறைகிணறு, மொத்தம் 24 உறை, ஒரு உறை ஒரு அடி. 2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது மொட்டை மாடிக் குழாய்களை ஒன்றாக்கி, கூழாங்கல்லும் மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டோம். முதல் மழையை வெளியே விட்டுவிடுவோம், மாடித் தூசி போகட்டும் என்று. மாடி 900 சதுர அடி. 100 மில்லிமீட்டர் மழைக்கு 8,000 லிட்டருக்கு மேல் விழும். சென்னையில் சராசரியாக வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர், சிந்தியது சிதறியது போக 90,000 லிட்டராவது உள்ளே போகும். 12,000 லிட்டர் லாரி ஏழு, எட்டு.

அன்றிலிருந்து மாதம் முதல் தேதி கிணற்றில் டார்ச் அடித்து, மேலிருந்து எத்தனையாவது உறையில் தண்ணீர் நிற்கிறது என்று எண்ணி நாட்காட்டியில் எழுதுவேன். பழைய நாட்காட்டிகள் எல்லாம் பரணில் இருக்கின்றன. நல்ல மழை வருஷத்து டிசம்பரில் நாலாவது உறை, மே கடைசியில் பதினாலு, பதினைந்து. 2019 மே மாதம் இருபத்துமூன்று. ஜூனில் எண்ண எதுவும் இல்லை. அடி மண் வறண்டு பாளம் பாளமாக விலகியிருந்தது, அதில் எப்போதோ விழுந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று தெரிந்தது. அந்த ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தெரு முனையில் லாரிக்குக் குடம் வரிசை வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் மாற்றி ஆள் காத்திருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் இடுப்பு அறுவை முடிந்திருந்தது, நாற்காலி போட்டு வரிசையில் உட்கார்ந்தார்.

நான் 16 வருஷம் விடாமல் போட்டேன், என் செலவுக்கு எடுத்தது கம்மி. அப்படியும் இருப்பு காலி. பக்கத்தில் மூன்று மாடி அடுக்ககம், 240 அடிக்கு போர், விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்கும். அவர்களுடைய மழைநீர்க் குழாய் கீழே வந்து சிமென்ட் பூசி மூடிய ஒரு குழியில் முடிகிறது, மழை பெய்தால் தண்ணீர் அதன் மேலே ஏறித் தெருவுக்கு ஓடும். வரவே இல்லாமல் பற்று.

அரிசோனாவில் இந்த வங்கி நடப்பதற்குக் காரணம் குளம் இல்லை. குளம் வெட்டுவதற்கு 16 வருஷம் முன்னாலேயே, 1980இல், பீனிக்ஸ், டூசான் மாதிரிப் பகுதிகளில் யார் எவ்வளவு இறைக்கலாம் என்று சட்டம் போட்டு மீட்டர் வைத்துவிட்டார்கள். எடுப்பதற்குக் கணக்கு வந்த பிறகுதான் போடுவதற்கு அர்த்தம் வந்தது. நாம் 2003இல் மாநிலம் முழுவதுக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினோம். அது நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. போடுவதைக் கட்டாயமாக்கிய அதே 2003தான்.

4 செப்டம்பர்

நிலத்தடி நீர்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் திருத்தியிருக்கிறார். என் கிணறு மேல் மண்ணில் ஊறுவது, அவர்கள் போர் கீழே பாறை இடுக்கில் எடுப்பது, இரண்டும் ஒரே இருப்பு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, மேலிருந்து கீழே இறங்க நாள் பிடிக்கும், 2019இல் என் கிணறு காய்ந்ததற்கு முந்தைய வருஷம் மழை பொய்த்ததே முதல் காரணம் என்கிறார். சரி. அடுக்ககத்துக்காரர்கள்தான் என் தண்ணீரை எடுத்தார்கள் என்பதை வாபஸ் வாங்குகிறேன். தெருவில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒரு எண்கூட இல்லாததால்தான் நான் மோட்டார் சத்தத்தை வைத்துப் பழி போட்டேன்.

அவரே இன்னொன்றும் சொன்னார், நான் அரிசோனாவைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று. உண்மைதான், அங்கேயும் ஓட்டை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கொலராடோவில் முதல் தடவையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள், 2022க்கு அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர் அடி வெட்டு. 22 டிஎம்சி. அதில் அதிகம் அடிபட்டது பினால் பக்கத்து விவசாயிகள், அவர்கள் திரும்பக் கிணற்றுக்குப் போகிறார்கள். 2023 ஜூனில் பீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தினார்கள், நூறு வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் தேவையில் 4 சதவீதம் துண்டு விழுகிறது என்று. நான் அதைப் பார்க்கிற விதம் வேறு. 4 சதவீதம் குறைகிறது என்று சொல்ல அவர்களிடம் லெட்ஜர் இருந்தது. சட்டம் இல்லாத கிராமப்புறத்தில் அங்கேயும் நம்மைப் போலத்தான், ஆழமாகத் தோண்டியவன் எடுக்கிறான்.

17 அக்டோபர்

மூன்று நாள் மழை. வேளச்சேரிப் பாலத்தின் மேல் காரைக் கொண்டுபோய் நிறுத்திய படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு. கிணறு: முதல் தேதி பதிமூன்றாவது உறை, இன்று காலை ஒன்பது. நாலு அடி ஏறியிருக்கிறது. தெருவில் நின்ற தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டால் என்ன என்று கேட்டவருக்கு: வேண்டாம், தயவு செய்து வேண்டாம். அதில் சாக்கடை கலந்திருக்கும், ஒரு தடவை உள்ளே போனால் மண்ணுக்குள் இருந்து எடுக்க முடியாது. மாடித் தண்ணீர் மட்டும்.

20 அக்டோபர்

அடுக்ககத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார், வயதில் சின்னவர். நான் எழுதுவதை யாரோ காட்டியிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், பேர் போடாவிட்டாலும் ஆள் தெரியும் இல்லையா. அவர் சண்டைக்கு வரவில்லை. "ஆன்ட்டி, அந்தக் குழி மூடியிருக்குன்னு எங்களுக்கே தெரியாது. கட்டிக் கொடுத்தவங்க குழாயைக் காமிச்சாங்க, நாங்க நம்பிட்டோம்" என்றார். கிணற்றை எட்டிப் பார்த்தார், உறை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை தப்பாக எண்ணி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார்.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துவிட்டது. நேற்று பகல் முழுக்க இங்கே கொட்டியது, அப்புறம் மழை விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது, அங்கே நிலைமை மோசம். இங்கே கிணறு ஆறாவது உறை. அங்கே இருப்பவர்கள் பத்திரமாக இருக்க வேண்டும், கணக்கெல்லாம் அப்புறம் பேசலாம்.

15 டிசம்பர்

பூண்டியில் உபரி திறந்துவிட்டார்கள், செம்பரம்பாக்கத்திலும். ஆகஸ்டில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "இதோ, இந்த வருஷமும் போகிறது, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார்.

சொல்கிறேன். பூண்டியிலிருந்து வழிகிற தண்ணீர் கொசஸ்தலையில் நான் பார்த்த அந்தத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியாகத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கும். போகிற வழியில் மணல் இருக்கிற இடத்தில் கொஞ்சம் இறங்கும், அது நமக்கு வரவு. முகத்துவாரத்துக்குப் போவது மீன்காரர்களுக்கு. வெள்ளம் வடிந்த பிறகு ஜனவரியில் ஏரியிலிருந்து ஆற்று மணலுக்கு எவ்வளவு விடுகிறோம், அதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறோம், கோடையில் அதை யார் எடுக்கலாம் என்பதைக் கேளுங்கள். புதிய அணைக்கு மனுக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மீஞ்சூர்ப் பெரியவரிடமும் வாங்கித் தருகிறேன்.

அடுக்ககத்தில் போன வாரம் சிமென்டை உடைத்துக் குழியைத் திறந்தார்கள். உள்ளே கூழாங்கல்லே இல்லை, கட்டட இடிபாடுதான். அள்ளிப் போட்டுவிட்டு நாலு அடிக்குப் புதிதாகத் தோண்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டிருக்கிறார்கள். போரில் மட்டம் பார்க்க வழியில்லை என்பதால் மோட்டார் எத்தனை நேரம் ஓடுகிறது என்று காவலாளி எழுதி வைப்பதாக ஏற்பாடு. வங்கியிலிருந்து நான் கொண்டுவந்த கோடு போட்ட பழைய பேரேடு ஒன்று சும்மா கிடந்தது, அதைக் கொடுத்தேன். இன்று காலை முதல் வரி எழுதினோம். டிசம்பர் 15. கிணறு, ஐந்தாவது உறை. மோட்டார், 2 மணி 40 நிமிடம்.